எண்ணெய் காணாத கோலா

முதலில் ஒரு விடுகதை. எண்ணெயில் குளிக்காது, நெருப்பைத் தொடாது, பெட்டிக்குள் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுச் சிவந்த முகத்தோடு வெளியே வரும். அது என்ன?

கொடைக்கானலில் லாட்ஜ் வரவேற்பில் என்னோடு வேலை பார்த்த நண்பரிடம் இதைக் கேட்டேன். "லிஃப்டில் மாட்டிக்கிட்ட நம்ம மேனேஜர்" என்றார். தவறான விடை. சரியான விடை, ஓவனில் சுட்ட கோழிக் கோலா உருண்டை. அதிலும் பொரிகடலை, ரொட்டித்தூள், அரிசி மாவு எதுவும் சேராத உருண்டை. லாட்ஜை மூடிய பிறகு அதைத்தான் வீட்டில் செய்து விற்றுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் சமைத்து விற்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் சமைப்பது சுலபமான பாதி. வாங்கியவரைச் சாப்பிட வைப்பதுதான் மற்றப் பாதி. பெரும்பாலானவர்கள் சாப்பிட்டுவிடுகிறார்கள், நானும் திருப்தியாகவே இருக்கிறேன். கயல் என்ற எட்டு வயதுப் பெண் மட்டும் வெகுநாள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவள் தொட வேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதல் தட்டு

என் மனைவி ஸ்டெல்லா பள்ளி ஆசிரியை. அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் டாக்டர் மாவுப் பண்டங்களைக் குறைக்கச் சொன்னார். கோலா உருண்டை என்றால் அவளுக்கு உயிர். அதில் விழும் பொரிகடலைப் பொடியும் கொஞ்சநஞ்சமல்ல. அதை எடுத்துவிட்டு உருட்டிப் பார்ப்போம் என்று நான் இறங்கினேன்.

பொரிகடலைதான் கறியைச் சேர்த்துப் பிடிக்கும் பசை என்பது அப்போது எனக்குத் தெரியாது. நெஞ்சுக்கறியைக் கொத்தி, உப்பும் மிளகும் போட்டு, உருட்டி ஓவனில் வைத்தேன். பாதி உருண்டைகள் பிளந்துகொண்டன. பிளக்காதவை இறுகிப்போயின. பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். தொடைக்கறி சேர்த்தால் உள்ளே ஈரம் நிற்கும். உப்பை முதலில் போட்டு, கறி கையில் ஒட்டும்வரை பிசைந்தால் அதுவே பாதிப் பசை. மீதிக்கு ஒரு முட்டை, கொஞ்சம் பாதாம் பொடி, துருவிய சீஸ். மலைப்பூண்டு காரம் அதிகமானது, அளவோடு போட வேண்டும். கறி ஜில்லென்று இருந்தால்தான் உருண்டை உருண்டையாக நிற்கும். அதற்கு இந்த ஊரில் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். காலையில் சமையலறையில் வைத்தால் போதும், கறியும் விறைக்கும், நம் விரலும் விறைக்கும்.

இதெல்லாம் பிறகு வந்த ஞானம். அந்த முதல் தட்டில் ஒன்றை எடுத்து ஸ்டெல்லா கடித்தாள். பிறகு கையிலேயே வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தாள். சொன்னாள்:

"நல்லாத்தாங்க இருக்கு. ரெண்ட எடுத்து வைங்க, குரங்கு வந்தா எறிய வசதியா இருக்கும்."

சமைத்தது யார்?

உருண்டைகள் ஒழுங்காக வரத் தொடங்கியதும் அக்கம்பக்கத்தில் சொன்னோம். போன் வந்தது. எடுத்து "ஹலோ" என்றால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அக்கா இல்லையா?" அக்கா பள்ளிக்கூடத்தில் பின்னங்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். நான்தான் சமைக்கிறேன் என்றால், யாரும் நம்பவில்லை. ஒருவர், "சரி, அக்கா வந்ததும் கூப்பிடுறேன்" என்று வைத்தே விட்டார்.

பக்கத்துத் தெருவில் வாடகைக் காட்டேஜ் நடத்தும் ஒரு அம்மா நேரில் வந்தார். அடுப்படி வாசலில் நின்று நான் உருட்டுவதை முழுக்கப் பார்த்தார். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடை பார்ப்பதையும் பார்த்தார். அளவு ஒன்றாக இருந்தால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும் என்று விளக்கினேன். தலையாட்டினார். இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு, வாசல்வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்:

"சார், இது நீங்க பண்ணுனதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. நாளைக்கு அவரும் அடுப்படிக்குள்ள வந்து நின்னுக்குவாரு."

மதுரையிலிருந்து வந்த குடும்பம்

சீசனில் அதே காட்டேஜுக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. "கோலா" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். டப்பாவைத் திறந்த குடும்பத் தலைவர், பட்டர் பேப்பரை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் காய்ந்தே இருந்தது. "என்ன சார், எண்ணெயே காணோம்?" என்றார், கைப்பையைத் தொலைத்தவர் குரலில். எண்ணெயில்லாததுதான் இதன் சிறப்பு என்றேன். "அப்படியா?" என்று என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

மறுநாள் வெள்ளனே அவரே போன் செய்தார். குறை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு டப்பா வேண்டுமாம். மகிழ்ந்துபோய், எப்படி இருந்தது என்று கேட்டேன். அந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். அவர் சொன்னது:

"சுட்டது நல்லாருந்துச்சு சார். அத அப்படியே காட்டேஜ்ல சட்டியக் காயவெச்சு எண்ணெயில போட்டு எடுத்தோம், அது இன்னும் நல்லாருந்துச்சு."

கணக்கில் கெட்டிக்காரர்

உடம்பைக் குறைக்க முடிவெடுத்த ஒரு டாக்ஸி ஓட்டுநர் வாராவாரம் வாங்குவார். மூன்று வாரமாகியும் எடை இறங்கவில்லை என்று வருத்தப்பட்டார். "உங்க உருண்டையில மாவு கலக்குறீங்களோ?" என்று நேராகவே கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே கூப்பிட்டு, போடுகிற ஒவ்வொரு பொருளையும் எடுத்துக் காட்டினேன். திருப்தியானார். பிறகு நான் கேட்டேன், இதோடு வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. சற்றும் ஒளிக்காமல் பதில் சொன்னார்:

"பரோட்டாதான் சார். உருண்டையில மாவு இல்லைங்கிறதால, வழக்கமா திங்கிறதோட ஒண்ணு சேத்துக்கிட்டேன்."

பிரேமா கேட்டது

பிரேமாவும் அந்த லாட்ஜில் என்னோடு வேலை பார்த்தவர்தான். இப்போது ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிறார். வில்பட்டியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறார். அவர் மகள்தான் கயல். போன வருடம் அந்தக் குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. தினமும் இன்சுலின் ஊசி. சாப்பாட்டில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறதோ, அதற்குத் தக்கபடி ஊசியின் அளவு.

பிரச்சினை சாயங்காலத்தில் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் கயலுக்குப் பசிக்கும். பிஸ்கட்டோ முறுக்கோ கொடுத்தால் அதற்கு இன்னொரு ஊசி. மாவில்லாத பண்டம் என்றால் ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவித்த முட்டை கொடுத்துக் கொடுத்து, முட்டையைக் கண்டாலே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதனால் பிரேமா என்னிடம் வந்தார். ருசியைப் பற்றிக் கேட்கவில்லை. ஓர் உருண்டையில் மாவு எவ்வளவு, அதை மட்டும் கேட்டார். நான் பாதாம் பொடியின் அளவைச் சொன்னதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து ஆர்டர் கொடுத்தார்.

கயல் டப்பாவைத் திறக்கவில்லை. அடுத்த வாரமும் திறக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் எல்லாப் பிள்ளைகளும் பந்தியில் சாப்பிட, இவளுக்கு மட்டும் தனி டப்பா வந்ததாம். பக்கத்து இலைப் பையன், "அது மருந்தா?" என்று கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து தனக்கென்று டப்பாவில் வருகிற எதையும் தொடுவதில்லை. "ஊசிப் பலகாரம்" என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள். பசியோடு ராத்திரிச் சாப்பாடு வரை உட்கார்ந்திருப்பாள், கேட்டால் பசிக்கவில்லை என்பாள். காரம் குறைக்கவா, சீஸ் கூட்டவா, அவளுக்கு எது பிடிக்கும் என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். பிரேமா இடைமறித்தார்:

"புடிக்கணும்னுகூட இல்ல சார். அந்த நேரத்துல வயித்துக்குள்ள ஏதாவது போனாப் போதும்."

வெடிக்காத உருண்டை

ஆர்டர் கூடியதும் உதவிக்குப் பாண்டியம்மா வந்தார். பக்கத்துப் பள்ளங்கி ஊர்க்காரர். அவர்கள் தோட்டத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. வேலையில் வெகு வேகம், சுத்தம். ஒரே ஒரு குறை, உருண்டையில் மெல்லிய கீறல் விழுந்தாலும் அவருக்குப் பொறுக்காது. "இப்படி வெடிச்சுக் கெடக்கே, பாக்கிறவங்க நம்மளத்தான சொல்லுவாங்க" என்று என்னைவிட அதிகமாக வருந்துவார். மாவில்லாத உருண்டையில் கொஞ்சம் கீறல் விழத்தான் செய்யும் என்று நான் பலமுறை சொல்லியிருந்தேன்.

ஒரு புதன்கிழமை நான் கறி வாங்கப் போய்விட்டுத் திரும்பியபோது, தட்டு ஓவனிலிருந்து வெளியே வந்திருந்தது. ஓர் உருண்டையிலும் கீறல் இல்லை. பளிங்கு போல இருந்தன. பிரேமா வந்து கயலின் டப்பாவை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்று பாண்டியம்மா சொன்னார். நான் ஆசையாக ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். மெத்தென்று இருந்தது. இன்னொரு முறை மென்றேன். கறி இவ்வளவு மெத்தென்று இருக்காது.

"என்ன சேத்தீங்க?" என்றேன். அவருக்கு முகமெல்லாம் பெருமை. வீட்டிலேயே அவித்து, மசித்து, தூக்குவாளியில் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் மலையில் எது உடைந்தாலும், எது பற்றாமல் போனாலும், குழம்பில் உப்புக் கூடினாலும் உருளைக்கிழங்குதான் முதலில் கைக்கு வரும். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் திகைத்தார்:

"மாவு போடாதன்னுதானண்ணே சொன்னீக? இது எங்க தோட்டத்துக் காய்தான?"

வில்பட்டி வரைக்கும்

கிழங்கில் மாவுச்சத்து இருக்கிறது என்பதைப் பாண்டியம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. ஊசி வேண்டாத பண்டம் என்று நம்பி பிரேமா அதைக் கொடுப்பார். போன் போட்டேன், சிக்னல் கிடைக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் மூடுபனி. ஒரு வளைவில் காட்டுமாடு நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது. அதனிடம் ஹாரன் அடிக்கக் கூடாது என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். அது என்னைப் பார்த்தது, புல்லைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. ஒரு சோலியும் இல்லாதவரைப் போல மெதுவாகச் சரிவில் இறங்கிப் போனது.

வில்பட்டியில் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். பிரேமா பதறவில்லை. "உள்ள வாங்க சார், மொதல்ல உக்காருங்க" என்றார். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினார். பாண்டியம்மா போட்ட ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. "தொறந்தாத்தான சார் பயப்படணும்?" என்று சிரித்தார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. சமைத்தவன் தன் பண்டம் தீண்டப்படாமல் கிடப்பதைப் பார்த்து நன்றி சொல்லும் நிலை உங்களில் யாருக்காவது வந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த கயல், தலையை நிமிர்த்தி முதன்முறையாக அந்த டப்பாவை அக்கறையோடு பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"உருளக்கெழங்கு போட்டதா? அத மொதல்லயே சொல்லக்கூடாதா அங்கிள்?"

சனிக்கிழமை

சில வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை பிரேமாவுக்கு ரிசார்ட்டில் மத்தியானத்துக்கு மேல் வேலை, லீவு கிடைக்கவில்லை. வழக்கமாகக் கயலைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார் பூண்டு எடுக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாடும் ஊசியும் முடிந்ததும் குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து அழைத்துப் போவதாகச் சொன்னார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களாச்சும் ஒண்ணு தின்ன வெச்சுருங்க சார்" என்றார். ஸ்டெல்லா என்னைவிடப் பிள்ளைகளை அறிந்தவள். பிரேமா போனதும் எனக்கு ஒரே ஓர் உத்தரவு போட்டாள்: "சாப்பிடுறியான்னு மட்டும் கேட்டுறாதீங்க."

கேட்கவில்லை. கயல் சற்று நேரம் ஜன்னலருகே நின்றாள். பிறகு ஓவனின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது, முதல் தட்டு வெந்துகொண்டிருந்தது. டிவி பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அங்கிள், உருண்டைக்கு வேர்க்குது."

"கொழுப்பு உருகுது. இன்னும் கொஞ்ச நேரத்துல சிவக்கும்."

"நடுவுல இருக்கிறது மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

"அங்க சூடு கொஞ்சம் கம்மி. தட்டத் திருப்பி வைக்கணும்."

"அப்ப வெரசாத் திருப்புங்க. அது பாவம்."

பாண்டியம்மா கறி பிசைந்துகொண்டே, "ஏ கயலு, நீ இங்கனயே இருந்துக்க. அண்ணனுக்கு ஓவனப் பாக்குற சோலி மிச்சம்" என்றார். தன் உருளைக்கிழங்கால் நேர்ந்ததை அவர் மறக்கவில்லை. அன்று என் கண்முன்னாலேயே ஒவ்வொரு பொருளையும் பேர் சொல்லிச் சொல்லிப் போட்டார். "முட்ட, பாத்துக்கங்க. சீசு, பாத்துக்கங்க. பாதாம் பொடி, பூண்டு. வேறொண்ணும் இல்ல, கையக் காட்டவா?" கயல் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலமானது. அவளுக்குப் பசிக்கும் நேரம். முக்காலியில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், பசிக்கிறது என்று சொல்லவில்லை. நான் இரண்டாம் தட்டிலிருந்து அழகானவையாகப் பார்த்து எடுத்தேன். எடை சரியானவை, நிறம் சீரானவை, கீறல் மிகக் குறைந்தவை. ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் வட்டமாக அடுக்கி, மேலே மல்லித்தழை தூவி, அவள் கைக்கு எட்டும் தூரத்தில் மேசைமேல் வைத்தேன். டப்பா எதுவும் இல்லை. யாருக்கென்றும் சொல்லவில்லை. பிறகு ஆர்டர்களைக் கட்டுவதில் மும்முரமாக இருப்பவன் போல முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். ஸ்டெல்லா விடைத்தாள் திருத்துவது போல உட்கார்ந்திருந்தாள். அவள் பேனா நகரவில்லை.

மூன்றாம் தட்டை எடுக்கும் நேரம் வந்தது. எங்கள் ஓவனில் உள்மூலை ஒன்றில் சூடு அதிகம். அங்கே வைக்கும் உருண்டை எப்போதும் கருகி, தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதை விற்க மாட்டோம், பாண்டியம்மா கரண்டியால் நெம்பித் தட்டின் ஓரத்தில் தள்ளிவைப்பார். யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்றும் அப்படித்தான் தள்ளிவைத்துவிட்டு, ஆறட்டும் என்று தட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

முக்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. ஸ்டெல்லாவைத்தான் பார்த்தேன். அவள் கண்ணைக் காட்டிய பிறகு மெதுவாகத் திரும்பினேன். குழந்தை இரண்டு தட்டுகளுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. பாண்டியம்மாவுக்குப் பொறுக்கவில்லை, வாசலிலிருந்தே கேட்டுவிட்டார்:

"என்னடா கண்ணு, எது வேணும்?"

கிராம் கணக்கில் நிறுத்து, ஒரே அளவில் உருட்டி, அழகு பார்த்து அடுக்குவதுதான் என் தொழில். கயல் மூலையில் கருகியிருந்ததை எடுத்துச் சாப்பிட்டாள்.